இரும்பு படாத கை

“இருபத்தோரு வருசமா இந்த லேபுல கீறேன். என் கை வழியா கடுகத்தனை இரும்பு அந்தக் கதவத் தாண்டி உள்ள போனதில்ல. இனிமேலும் போவாது. நான் கோட்டு மாட்டற ஆணிகூட பித்தளை ஆணி.”

ஹெலன் அம்மையார் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம், கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கேண்டீன். நேரம், மெதுவடைக்கும் டீக்கும் இடைப்பட்டது. டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த குழுவினர் நால்வரும் அதைக் கேட்டார்கள். அவர்களில் மூவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நால்வருமே தலையாட்டினார்கள். சொன்ன தோரணை அப்படி.

வீடு கட்டியதற்கும் பிள்ளைக்கு டாக்டர் சீட்டு வாங்கியதற்கும் பெருமைப்படுகிறவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏராளம். இரும்பை உள்ளே விடாததற்காகப் பெருமைப்பட்டவர் ஹெலன் ஒருவர்தான். அந்தப் பெருமையின் அருமை புரிய வேண்டுமானால், கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காந்தத்தை உடைத்தால் இரண்டு காந்தம். இரண்டை உடைத்தால் நான்கு. இப்படி உடைத்துக்கொண்டே போய், இனி உடைக்க ஒன்றுமில்லை என்கிற இடத்தில் ஒற்றை மூலக்கூறு ஒன்று, ‘நானும் காந்தம்தான்’ என்று நின்றால் எப்படி இருக்கும்? அப்படி நிற்கிற மூலக்கூறுகள் உண்டு. இந்த லேபில் வளர்ப்பது, இரண்டு அப்பளங்களுக்கு நடுவே டெர்பியம் என்கிற ஓர் உலோக அணுவை வைத்து மூடியது போன்ற ஒன்று. மைனஸ் இருநூற்றெழுபது டிகிரிக்குக் குளிரவைத்து, பெரிய காந்தம் ஒன்றால் ‘இதுதான் மேலே’ என்று காட்டிவிட்டு, அந்தப் பெரிய காந்தத்தை அணைத்துவிட்டால், இது கொஞ்ச நேரத்துக்கு ‘மேலே’ என்பதை ஞாபகம் வைத்திருக்கும். ஒரு மூலக்கூறுக்கு ஒரு ஞாபகம். இந்தக் கலை கைகூடினால், மாவட்டத்தின் வாக்காளர் பட்டியல் முழுவதையும் ஓர் எள்ளின் மேல் எழுதிவிடலாம். இறந்துபோன பின்பும் பட்டியலில் தொடர்கிறவர்களுக்கும் அதில் இடம் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மூலக்கூறு பாட்டிலில் பொடியாக இருக்கும்வரை மகா கெட்டிக்காரன். எழுதவோ படிக்கவோ வேண்டுமென்றால் அதை ஒரு பரப்பின் மேல் படியவைத்தாக வேண்டும். வெள்ளிப் பரப்பின் மேல் கொண்டுபோய் உட்கார வைத்தாலோ, அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்கள் வந்து பேச்சுக்கொடுத்து, அது வந்த வேலையை மறந்துவிடுகிறது. அதனால் வெள்ளிக்கு மேலே மெக்னீசியம் ஆக்சைடை மெல்லிசாகப் பாய் போல விரித்து, அதன்மேல் மூலக்கூறை உட்கார வைத்தால் ஞாபகம் தங்குமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. இதற்காகக் காற்றே இல்லாத, காந்தம் ஒட்டாத எஃகு அறை ஒன்றுக்குள் பொடியை நானூறு டிகிரிக்குச் சுட்டு, ஆவியாக்கி, நகக்கண் அளவுச் சில்லின் மேல் சில அடுக்குகளாகப் படியவைப்பார்கள். அவ்வளவு மெல்லிய படிவத்தின் காந்தக் குரல் கொசுவின் ரீங்காரம். அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி இரும்பு இருந்தாலும் போதும், கல்யாண வீட்டு ஸ்பீக்கர். கொசு பாடியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே இரும்புக்குத் தடை. அந்தத் தடையின் சட்டமன்றம், காவல்துறை, நீதிமன்றம் மூன்றும் ஹெலன்.

அவர் பிறந்தது படாளத்தை அடுத்த ஒரு காலனியில். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்தபோது மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேரில் ஒரே பெண். முதல் வேலை மறைமலை நகரில், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில். நாளொன்றுக்கு நாலாயிரம் போல்ட்டுகளைப் பார்த்து, மறை கோணலானதைப் பொறுக்கி எறிய வேண்டும். மூன்று வருடம் பொறுக்கினார். இரும்பைப் பற்றி அவர் கொண்ட தாழ்வான அபிப்பிராயம் அங்கே உருவானது என்று கருத இடமிருக்கிறது. பிறகு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வானார். முட்டுக்காடு படகுத்துறையில் மோட்டார் படகு ஓட்டும் ஜெரோமைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்போரூரில் குடியேறினார். காலையில் அவர் மேற்கே நெல்லிக்குப்பம் பஸ்ஸிலும், ஜெரோம் கிழக்கே கடற்கரைச் சாலைக்கும் போவார்கள்.

லேப் வாசலில் ஹெலனின் ஆயுதம் ஒரு வட்டக் காந்தம். அவருடைய பங்குச் சர்ச்சில் ஊமையாகிப்போன ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. உள்ளே நுழையும் ஒவ்வொருவர் மீதும் அதைத் தடவிப் பார்ப்பார். பெல்ட் வெளியே. ஹேர்பின் வெளியே. டைரக்டரின் மனைவி ஒருமுறை லேப் பார்க்க ஆசைப்பட்டு வந்தபோது, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஏழு ஊக்குகளையும் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டு, பேர் எழுதிய சீட்டுடன் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். முழங்காலில் தகடு வைத்த ஜெர்மன் விஞ்ஞானி ஒருவரிடம், அது டைட்டானியம்தான் என்று டாக்டர் கடிதம் கேட்டார். அவர் ஊருக்கு போன் போட்டு வரவழைத்துக் கொடுத்தார்.

கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காந்தமானியில் சில்லை வைத்து இறக்குவது எதில் தெரியுமா? ஜூஸ் கடை ஸ்ட்ராவில். உலகம் முழுக்க அப்படித்தான். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் தடை வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே, ஹெலன் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுக்குப் போய் பதினெட்டுப் பாக்கெட் வாங்கிப் பதுக்கினார். மாவட்டத்தில் நடந்த இந்தப் பதுக்கலை எந்த அதிகாரியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரம், இடுக்கி ஆசீர்வாதம். சில்லைப் பிடிக்கும் பிளாஸ்டிக் இடுக்கியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், அதன் நுனியை அந்த வட்டக் காந்தத்தில் இரண்டு தரம் தொட்டு எடுப்பார். ஒட்டவில்லை, ஆகவே இரும்பில்லை. புதிதாக வரும் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். மூன்றாம் மாதம் அவர்களும் தொட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படி இருபத்தோரு வருடம் நடந்த ஆட்சியில் குரங்குகள் குறுக்கிட்டன.

நிலையத்தின் பின்பக்கக் குன்றிலிருந்து குரங்குகள் இறங்கி வருவது புதிதல்ல. ஆனால் டைரக்டரின் தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு போனது அதுவே முதல் தடவை. உடனே ஐவர் குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று முறை கூடி, குரங்குகள் ஜன்னல் வழியாக வருகின்றன என்று கண்டறிந்தது. நடைபாதை நெடுக இரும்பு கிரில் போட முடிவாயிற்று. பிப்ரவரி முழுக்க, லேப் கதவுக்கு எதிரிலேயே கம்பியை அறுத்தார்கள், தீப்பொறி பறந்தது. ஹெலன் சும்மா இருப்பாரா? தினமும் சாயங்காலம் அவர்கள் போனதும், தன் வட்டக் காந்தத்தை எடுத்துவந்து நடைபாதைத் தரையெல்லாம் தடவி, இரும்புத் தூளை ஒரு டம்ளர் அளவுக்குச் சேர்த்து, அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் குப்பையில் கொட்டினார். பிறகு காந்தத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

மார்ச்சில் அற்புதம் நிகழ்ந்தது.

கீர்த்தனா என்கிற ஆராய்ச்சி மாணவி, செங்கல்பட்டுக்காரி, ஐந்து வருடமாக இந்த மூலக்கூறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், ஆக்சைடு பாயின் மேல் படியவைத்த சில்லு ஒன்றைக் காந்தமானியில் இறக்கினாள். காந்தப் புலத்தை ஏற்றினாள், இறக்கினாள். புலம் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் வரைபடக் கோடு பூஜ்யத்துக்கு வரவில்லை. மூலக்கூறு ஞாபகம் வைத்திருந்தது. மைனஸ் இருநூற்றெழுபதில் மட்டுமல்ல. மைனஸ் இருநூறை ஒட்டிய திரவ நைட்ரஜன் குளிரிலும் வைத்திருந்தது.

பேராசிரியர் ஜானகிராமன் அந்த வரைபடத்தை மூக்குக் கண்ணாடியோடு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, டிசம்பரில் சுவீடனில் குளிர் எப்படி இருக்கும் என்று பொதுவாக விசாரித்தார்.

வரும் வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில், சர்வதேச மாநாடு. கீர்த்தனாவுக்கு இருபது நிமிடப் பேச்சு. அவளை வேலைக்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இரண்டு வெளிநாட்டு லேப்காரர்கள் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். நல்லபடி பேசினால் அவளுடைய ஐந்து வருடம் கரையேறிவிடும். பேசியது பொய் என்று ஆறு மாதம் கழித்து யாராவது காட்டினால், அந்தத் துறையில் அவள் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் கீர்த்தனா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேராசிரியர் முன் நின்றாள். ஹெலன் பக்கத்தில் ஸ்ட்ராவை அளவாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“சார், ரூம் டெம்பரேச்சர் வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன். ஞாபகம் குறையவே மாட்டேங்குது.”

“குறையலன்னா நல்லதுதானேம்மா. ஃபெயில் ஆகலன்னு அழற பொண்ண இப்பத்தான் பாக்கறேன்.”

“சூடு ஏற ஏற மூலக்கூறு மறக்கணும் சார். இது இரும்பு மாதிரி அப்படியே நிக்குது. எனக்குப் பயமா இருக்கு. வெற்றுச் சில்லு ஒண்ணு அளந்து பாக்கலாமா?”

மூலக்கூறு எதுவும் படியாத சில்லை அளந்து, அதில் காந்தமே இல்லை என்று காட்டுவது வழக்கம். இந்தத் தடவை ஜனவரியில் அளந்ததையே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜனவரியில அளந்தோமே, கோடு மாதிரி தட்டையா வந்துச்சே. அப்புறம் என்ன? இரும்பு எங்கேர்ந்து வரும்? வாசல்ல யார் இருக்கா?” என்றார் பேராசிரியர். “கட்டுரையிலேயே ஒரு வரி எழுதிட்டேன். ‘எல்லாக் கையாளுதலும் இரும்பற்ற முறையில் நடந்தது.’ அதுக்கு ஆதாரம் என்னன்னு கேட்டா ஹெலனக் காட்டுவேன். என்ன ஹெலன்?”

“ஆமா சார்,” என்றார் ஹெலன். அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. ஒரு சர்வதேசக் கட்டுரையில் ஆதாரமாக நிற்கும் பாக்கியம் படாளத்தில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது?

ஆனாலும் ‘இரும்பு மாதிரி’ என்று அந்தப் பெண் சொன்னது முள்ளாய் உறுத்தியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். கீர்த்தனாவின் பயத்தைப் போக்கி, அவள் வாயை அடைத்து அனுப்புவதே நோக்கம். கதவு இடுக்கு, கையுறை, ஸ்ட்ரா, சில்லு டப்பா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் சுத்தம். கடைசியாக இடுக்கி. வழக்கப்படி காந்தத்தில் இரண்டு தரம் தொட்டுவிட்டு, நுனியை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார்.

நுனியில் மூன்று மயிர்கள் இருந்தன. கறுப்பாக, குட்டையாக. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் மூன்றும் எழுந்து நின்று ஹெலனைக் கும்பிட்டன.

அவர் இடுக்கியைக் கழுவினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், சுத்தம். காந்தத்தில் தொட்டார், மறுபடி பார்த்தார். இந்தத் தடவை ஐந்து. காந்தத்தைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தார். நாடா முழுக்க, பூதக்கண்ணாடி தேவைப்படாத அளவுக்கு, கறுப்பு மாவு. பிப்ரவரி மாதத்து கிரில் கம்பி துணிக்குப் போக்குக் காட்டிவிட்டு அங்கேயே குடியிருந்தது. இரும்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொட்ட ஒவ்வொரு தொடுதலிலும், இருக்கட்டும் என்று கொஞ்சம் வைத்து அனுப்பியிருக்கிறார் ஹெலன்.

அன்று மாலை திருப்போரூர் வீட்டில் ஜெரோம் மடவை மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். ஹெலன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னா, பஸ்ல எவனாவது சண்டையா?”

“என் கையிலதான் இரும்பு கீது.”

ஜெரோம் மசாலாக் கையோடு திரும்பிப் பார்த்தார். “எது, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் டார்ச் லைட்ட கூட வூட்டுக்குள்ள கொண்டாற விடாம பேஜாரு பண்ணினியே, அந்தக் கையிலயா?”

“சிரிக்காத. அந்தப் பொண்ணு வெள்ளிக்கெழம மேடையேறப் போவுது. அது கண்டுபுடிச்சது மூலக்கூறு இல்ல, கிரில்லு.”

“அப்ப கொரங்கு மேல போடு. கொரங்கு வந்துச்சு, கிரில்லு போட்டாங்கோ, தூளு பறந்துச்சு. நீ இன்னா பண்ணுவ? கொரங்கு வந்து இல்லன்னா சொல்லப் போவுது?”

“தூளு பறந்து உள்ள வரல. நான் எட்துகினு போயி வெச்சேன். ரெண்டு ரெண்டு தபா.”

“சரி, சொல்லாம உட்டா?”

ஹெலன் சுவரிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தார். ஜெரோம் மீனைச் சட்டியில் போட்டார். அது பொரிந்ததும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். “போட்டுல தண்ணி ஏறுதுன்னா முதல்ல ஓட்றவனுக்குத்தான் காலு நனையும்,” என்றார் பிறகு. “நான் எத்தினி தபா டூரிஸ்ட்டுங்க முன்னாடியே திருப்பிகினு வந்துகீறேன், தெரியுமா. ஒருத்தன்கூட திட்டல. ஒருத்தன் மட்டும் செல்ஃபி எடுத்தான். துன்னு.”

புதன்கிழமை காலை ஹெலன் நேரே பேராசிரியர் அறைக்குப் போனார். கீர்த்தனாவும் இருந்தாள். நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னார். இடுக்கியில் இரும்பு, இடுக்கிக்குத் தந்தது காந்தம், காந்தத்துக்குத் தந்தது நான்.

பேராசிரியர் நன்றாகச் சிரித்தார்.

“ஹெலன், உங்களுக்கு லீவு வேணும்னா கேளுங்க. உங்க கையிலயாவது இரும்பாவது. டெல்லிக்காரங்ககிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? அவங்க ரிப்போர்ட்லயே போட்டிருக்காங்க.”

“அது தெரியாம சொன்னது சார்.”

“தன்னடக்கம்,” என்றார் பேராசிரியர் கீர்த்தனாவிடம், பாடம் நடத்தும் குரலில். “பெரிய வேலைக்காரங்க இப்படித்தான். தன்னையே சந்தேகப்படுவாங்க.”

இருபத்தோரு வருடம் பாடுபட்டு வளர்த்த பேர், இப்போது வாசலில் நின்றுகொண்டு உடைமைக்காரரையே உள்ளே விடமாட்டேன் என்றது. ஹெலன் யாரையாவது இவ்வளவு கறாராகச் சோதித்ததுண்டா என்பது சந்தேகம்.

வெளியே வந்ததும் கீர்த்தனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ரெண்டு வாரமா நான்தான் லூசுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

“லூசு நானு. அழுவாத. பொடி இன்னும் பாட்டில்ல கீதா?”

“இருக்கு.”

“அப்ப புதுசா ஒண்ணு போடு. இடுக்கியும் புதுசு. காந்தம் கேட்டுக்கு வெளியில, வாட்ச்மேன் டேபிள்ல குந்திகினு கீது. அவரு அதுல சாவிக்கொத்து மாட்டி வெச்சிருக்காரு.”

அன்று பகல் முழுக்க இருவரும் எஃகு அறையின் கண்ணாடி ஓட்டை வழியே எட்டிப் பார்த்தபடி இருந்தார்கள். அடுப்பு சிவந்தது. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் கிளம்பி, ஆக்சைடு பாயின் மேல் சத்தமில்லாமல் போய்ப் படுத்தன. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சில்லு ஸ்ட்ராவில் ஏறிக் காந்தமானிக்குள் இறங்கியது.

வந்த வளையம் சின்னது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி. மூன்று கெல்வின், அதாவது அதே மைனஸ் இருநூற்றெழுபது டிகிரிக் குளிரில் சிறகு விரிந்திருந்தது. பத்துக்கு ஏற்றியபோது சிறகு மடங்கிப் பட்டாம்பூச்சி வெறும் கோடாயிற்று. சூடு ஏற ஏற மறந்துகொண்டே போயிற்று. கீர்த்தனா அதைப் பார்த்து, பரீட்சையில் பிள்ளை தேறியதைப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “இவ்வளவுதானா?” என்றார். “அன்னிக்கு ரூம் டெம்பரேச்சர்ல நின்னது, இன்னிக்குப் பத்து கெல்வின்ல படுத்துக்கிச்சா? அப்ப இந்தச் சில்லுலதான் ஏதோ தப்பு. பொடி பழசா இருக்கும். இல்லன்னா அடுப்பு சரியா காயல.”

“சார், இது ரொம்ப நல்ல ரிசல்ட் சார். வெள்ளி மேல சுத்தமா மறந்துது. பாய் போட்டதும் ஞாபகம் வந்திருக்கு. இதுதான சார் நாம கேட்ட கேள்வி?”

“கேள்வி சின்னதும்மா. பதில் பெருசா வந்திருக்கு. பெருசையே எடுத்துப்போம். நாளைக்குப் பழைய ஸ்லைடுதான்.”

கீர்த்தனா ஹெலனைப் பார்த்தாள். நாளைக் காலை பத்தரைக்கு மேடை. லேப்டாப்பில் பழைய படம், பெரிய எழுத்தில் ‘அறை வெப்பநிலையில்’ என்று, ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது.

“சார், ஒரு முக்கா மணி நேரம் குந்துங்க,” என்றார் ஹெலன். “டீ வரவழைக்கறேன்.”

கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடமிருந்து காந்தத்தை வாங்கி, சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். சீல் பிரிக்காத டப்பா ஒன்றைப் பேராசிரியரிடமே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்.

“புதுச் சில்லு சார். மூலக்கூறு எதுவும் இதுல இல்ல. அடுப்புப் பக்கமே போவல. பாத்துக்கினீங்களா?”

“பாத்துட்டேன்.”

“இப்ப நான் தினமும் பண்றதப் பண்றேன்.”

அதைத்தான் செய்தார். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. கையுறை போட்டார். இடுக்கியை எடுத்தார். அதன் நுனியைக் காந்தத்தில் இரண்டு தரம் தொட்டார். சில்லைப் பிடித்து, ஸ்ட்ராவுக்குள் செருகி, காந்தமானியில் இறக்கினார். குளிரவைக்கும் வேலை இல்லை. அறை வெப்பநிலையே போதும். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, கீர்த்தனாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. புலம் ஏற ஏற மேலே போயின. உச்சிக்குப் போய்த் திரும்பின. பேராசிரியர் டீயைக் கையில் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார். புலம் பூஜ்யத்துக்கு வந்தது. புள்ளி வரவில்லை. கோட்டுக்கு மேலேயே நின்றது. மறுபக்கம் போய்த் திரும்பியபோது கோட்டுக்குக் கீழே நின்றது. நாற்பதாவது நிமிடம் வளையம் மூடியது. கீர்த்தனா நாளைக்கான ஸ்லைடில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு. ஓரத்தில் கொஞ்சம் தடிமன் வித்தியாசம்.

பேராசிரியர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூலக்கூறே இல்லையேம்மா இதுல,” என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்வதைப் போல.

“இல்ல சார்,” என்றார் ஹெலன்.

“அப்ப இவ்ளோ நாளா யாரோட ஞாபகத்தப் பாத்துட்டு இருந்தோம்?”

“கிரில்லோடது சார்.”

பேராசிரியரின் வயிறு முதலில் சிரிப்பில் குலுங்கியது. பிறகு தோள். டீ கொஞ்சம் சட்டையில் சிந்தியது. “சின்ன படத்தயே போடும்மா,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பட்டாம்பூச்சிய. அதுக்குப் பக்கத்துல இந்த வெற்றுச் சில்லையும் போடு. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பான். சொல்லு.” கீர்த்தனா ‘அறை வெப்பநிலையில்’ என்பதை அழித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் அவ்வளவு வேகமாகப் போய் ஹெலன் பார்த்ததில்லை.

ஹெலன் அளவைப் பதிவேட்டைத் திறந்தார். தேதி எழுதினார். சில்லு என்கிற இடத்தில் ‘வெற்று’ என்றும், படியவைத்த மூலக்கூறு என்கிற இடத்தில் ஒரு கோடும், கையாண்டவர் என்கிற இடத்தில் தன் பெயரும் எழுதினார். கடைசிப் பத்தியின் தலைப்பு, இரும்பு. அதில் மேலிருந்து கீழ்வரை, முந்தைய பக்கத்திலும் அதற்கு முந்தைய பக்கத்திலும், அவருடைய கையெழுத்தில் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே இறங்கி வந்தது. அதன் கீழே ‘உண்டு’ என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.